நடக்காததன் இலக்கணம்

1

கடன் கேட்டு வந்தவனிடம் 'பணம் இருந்தால் கொடுப்பேன்' என்று தமிழில் சொல்லிவிடலாம். சொல்பவனிடம் பணம் இருக்கிறதா, இல்லையா என்பது இந்த வாக்கியத்தில் இல்லை. 'சம்பளம் வந்து ஏதாவது மிஞ்சினால் தருகிறேன்' என்று கேட்டவன் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். 'எங்கே இருக்கிறது, போய்வா' என்றும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். குரல், முகம், இருவருக்குமுள்ள பழக்கம் இவைதான் தீர்மானிக்கும். இதையே ஆங்கிலத்தில் சொல்ல வருகிறவன் வாயைத் திறக்குமுன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். 'இஃப் ஐ ஹாவ் மணி, ஐ வில் கிவ்' என்றால் கதவு திறந்திருக்கிறது. 'இஃப் ஐ ஹாட் மணி, ஐ வுட் கிவ்' என்றால் கதவு சாத்தியாகிவிட்டது. பணம் இல்லை என்பது வெளியே வந்துவிட்டது. 'ஹாவ்' 'ஹாட்' ஆயிற்று, 'வில்' 'வுட்' ஆயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கேட்டவன் உட்காருவதா, எழுந்துபோவதா என்பது அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

நமது பள்ளிக்கூடங்களில் இது மூன்று வாய்பாடுகளாகச் சொல்லித் தரப்படுகிறது. மாணவன் மனப்பாடம் செய்து, பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு, மறந்துபோகிறான். இன்றைய நிலையைப் பற்றிப் பேசும்போது இறந்தகால வினை ஏன் வருகிறது என்று அவன் கேட்பதில்லை. கேட்டால் 'அது அப்படித்தான்' என்ற பதில் கிடைக்கும். ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி அது. காலத்தில் தள்ளியிருப்பதையும் நிஜத்திலிருந்து தள்ளியிருப்பதையும் ஆங்கிலம் ஒரே வினையுருவால் காட்டுகிறது. 'வுட்', 'குட்', 'ஷுட்', 'மைட்' என்ற துணைவினைகளே 'வில்', 'கேன்', 'ஷல்', 'மே' என்பவற்றின் பழைய இறந்தகால வடிவங்கள்தாம். இன்று அவற்றில் காலம் பெரும்பாலும் வற்றிப்போய், தூரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உண்மையாகவே முடிந்துபோன ஒன்றை 'அப்படி நடந்திராவிட்டால்' என்று எண்ணிப் பார்க்க வேண்டும்போது இந்த ஒரு படி போதாது. இறந்தகாலம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஆகவே இன்னொரு படி பின்னால் போக வேண்டியிருக்கிறது. 'ஹாட் நோன்', 'வுட் ஹாவ் கம்' என்று வினைகள் இரட்டிப்பாகின்றன.

இந்த வினையுருவங்களுக்குள் ஒழுக்கம் சம்பந்தமான பிரச்னை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நடந்ததைப் பற்றி ஒருவன் பொய் சொன்னால் பிடித்துவிடலாம். நடக்காததைப் பற்றி அவன் சொல்வதற்கு அவனை எப்படிப் பொறுப்பாக்குவது? 'எனக்குத் தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவன் வரவுமில்லை. இந்த வாக்கியத்தைச் சோதிக்க உலகத்தில் ஓர் இடமும் இல்லை.

2

மேலே போவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய பிரச்னையா? ஒரு மொழியின் வினைத்திரிபைப் பார்த்து அதைப் பேசுகிறவர்களின் மனத்தை எடைபோடுகிற பழக்கம் புதிதல்ல. ஆல்ஃபிரட் ப்ளூம் என்ற அமெரிக்கர் 1981ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹாங்காங்கில் அவர் மக்களிடம், அரசாங்கம் இன்னவாறு ஒரு சட்டம் போட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்ற விதமாகக் கேட்டபோது, 'அரசாங்கம்தான் அப்படிப் போடவில்லையே' என்று பதில் வந்தது. நடக்காததைக் குறிக்கும் தனி வினையுருவம் சீனமொழியில் இல்லை. ஆகவே அவ்வகைச் சிந்தனை சீனர்களுக்கு எளிதாக வருவதில்லை என்று ப்ளூம் முடிவுகட்டினார். 1983ல் டெரி ஆவ் என்ற ஆராய்ச்சியாளர், கதைகளைச் சரளமான சீனத்தில் எழுதிக் கொடுத்தால் அந்த வாசகர்கள் தடங்கலில்லாமல் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டி, அந்த முடிவை அசைத்துவிட்டார். எனக்கு அந்த ஹாங்காங் பதிலில் இயலாமை தெரியவில்லை. அந்நியன் ஒருவன் வந்து, அரசாங்கத்துக்கு எதிராக நீ என்ன செய்வாய் என்று கேட்டால், 'அப்படி ஒன்றும் இல்லையே' என்பது எந்த மொழியிலும் விவேகமான பதில்தான்.

மொழிகள் எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லியே தீரவேண்டும் என்பதில்தான் வேறுபடுகின்றன என்று ரோமன் யாக்கப்சன் கூறியது இங்கே பொருந்துகிறது. 1970ல் எர்னஸ்ட் ஆடம்ஸ் என்ற தத்துவாசிரியர் காட்டிய இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளலாம். 1963 நவம்பர் 22ல் டல்லஸ் நகரில் கென்னடி சுடப்பட்டார். 'ஆஸ்வால்ட் அவரைக் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள்' என்பது முதல் வாக்கியம். கென்னடி கொல்லப்பட்டார் என்பதை ஒப்புக்கொள்கிற எவனும் இதை மறுக்க முடியாது. 'ஆஸ்வால்ட் அவரைக் கொன்றிராவிட்டால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள்' என்பது இரண்டாவது. இதை ஏற்க வேண்டுமானால் ஒரு சதிக்கூட்டம் காத்திருந்தது என்றோ, விதி என்றோ ஒன்றை நம்பியாக வேண்டும். ஆங்கிலத்தில் இந்தப் பெரிய வித்தியாசத்தைச் சுமப்பவை 'டிட்' என்பதும் 'வுட் ஹாவ்' என்பதும்தான். தமிழில் இன்னொரு இடத்திலும் அது தெரிகிறது. முதல் வாக்கியத்தில் 'யாரோ', இரண்டாவதில் 'யாராவது'. 'யாரோ' என்றால் அந்த ஆள் இருக்கிறான், நமக்குத் தெரியாது. 'யாராவது' என்றால் ஆள் இன்னும் இல்லை. வினையில் ஆங்கிலம் பார்க்கிற கணக்கை நாம் பெயரிலும் பார்த்துவிடுகிறோம்.

தமிழின் வினை இந்த விஷயத்தில் கொஞ்சம் அசட்டையானதுதான். 'நாளை மழை பெய்தால்' என்கிறோம். நாளைய மழைக்கு இறந்தகாலத் தகரம் எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. நன்னூலார் 'செயின்' என்ற பழைய வடிவத்தை எதிர்காலத்துக்குரிய வினையெச்சங்களோடு சேர்த்தார். பின்னால் வழக்கில் வலுத்த 'செய்தால்' இறந்தகாலத்தை உள்ளே வைத்துக்கொண்டே எதிர்காலத்துக்கு உழைக்கிறது. 'வந்திருப்பான்' என்பது இன்னும் விசித்திரம். 'இந்நேரம் ஊருக்கு வந்திருப்பான்' என்றால் அவன் வந்துவிட்டான் என்பது நம் ஊகம். 'உடம்பு நன்றாக இருந்திருந்தால் வந்திருப்பான்' என்றால் அவன் வரவில்லை என்பது நிச்சயம். ஒரே சொல். ஆங்கிலேயன் முதலாவதற்கு 'மஸ்ட் ஹாவ்' என்றும் இரண்டாவதற்கு 'வுட் ஹாவ்' என்றும் பிரித்துக்கொண்டாக வேண்டும். இதனால் அவன் நம்மைவிட நேர்மையானவன் ஆகிவிடவில்லை. மறைக்க வேண்டுமென்றால் அவனுக்கும் வழிகள் உண்டு. 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று பொதுமனிதர்கள் விடுகிற அறிக்கை இரண்டு மொழிகளிலும் நன்றாகவே வருகிறது. புண்பட்டவர்கள் எதிரே நிற்கிறார்கள். ஆனாலும், தெரிந்துவிட்ட ஒன்றை இன்னும் தெரியாத ஒன்றாக அந்த 'ஆல்' மாற்றிவிடுகிறது.

3

கடந்துபோன காரியத்தைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் நான்கு முக்கியமான வழிகள் இருக்கின்றன: 'வுட் ஹாவ்', 'குட் ஹாவ்', 'மைட் ஹாவ்', 'ஷுட் ஹாவ்'. செய்திருப்பேன், செய்திருக்க முடியும், செய்திருக்கக் கூடும், செய்திருக்க வேண்டும். கடைசியானது கடமையைச் சொல்வது. அதில் மறைவு ஒன்றும் இல்லை. சிக்கல் முதல் இரண்டில்தான் இருக்கிறது. இவை இரண்டும் ஒன்றுதானா என்று இங்கிலாந்தின் தத்துவாசிரியர்கள் நிஜமாகவே சண்டை போட்டிருக்கிறார்கள்.

1912ல் வெளிவந்த ஒழுக்கவியல் பற்றிய சிறு நூலில் ஜி. ஈ. மூர் இந்தக் கேள்வியை எழுப்பினார். எல்லாமே காரணங்களால் முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டவை என்றால், 'அவன் வேறுவிதமாகச் செய்திருக்க முடியும்' என்று ஒருவனைக் குற்றம் சொல்வதில் அர்த்தம் உண்டா? மூரின் உதாரணம் மிகச் சாதாரணமானது. இன்று காலை இருபது நிமிஷத்தில் ஒரு மைல் நடந்திருக்க என்னால் முடியும்; ஐந்து நிமிஷத்தில் இரண்டு மைல் ஓடியிருக்க முடியாது. இரண்டையும் நான் செய்யவில்லை. ஆனாலும் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் என்ன? 'செய்திருக்க முடியும்' என்பதற்கு 'அப்படித் தேர்ந்திருந்தால் செய்திருப்பான்' என்றே பொருள் கொள்ளலாம் என்று மூர் யோசனை சொன்னார். அதாவது 'குட் ஹாவ்' என்பது உள்ளுக்குள் ஒரு 'வுட் ஹாவ்'. ஒரு 'இஃப்' அதில் ஒளிந்திருக்கிறது. இது சௌகரியமான தீர்வு. உலகம் முழுக்கக் காரண காரியச் சங்கிலியாக இருந்தாலும் குற்றம் சொல்வதற்கு இடம் மிஞ்சுகிறது.

1956ல் ஜே. எல். ஆஸ்டின் பிரிட்டிஷ் அகாடமியில் நிகழ்த்திய உரை இந்தச் சௌகரியத்தைக் குலைத்துவிட்டது. ஆஸ்டினின் ஆயுதம் இலக்கணம்தான். ஆங்கிலத்தின் 'குட் ஹாவ்' பார்வைக்கு நிபந்தனை வாக்கியத்தின் துண்டு மாதிரி இருந்தாலும், பல இடங்களில் அது நடந்துபோன ஒன்றைப் பற்றிய நேரான செய்தி. 'எனக்கு அந்தச் சக்தி இருந்தது' என்பதுதான் அதன் பொருள் என்றார். லத்தீனில் இந்த இரண்டும் வேறுவேறு வினைகளாக இருக்கும்; ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்துபோனதால் தத்துவவாதி ஏமாந்துபோகிறான். அவர் தந்த உதாரணம் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரன். குழிக்கு மிக அருகில் இருக்கும் பந்தைத் தட்டுகிறான், தவறிவிடுகிறது. 'போட்டிருக்க முடியுமே!' என்று தன்னையே நொந்துகொள்கிறான். 'முயன்றிருந்தால் போட்டிருப்பேன்' என்பதா அதற்கு அர்த்தம்? இல்லை, அவன் முயன்றுதான் தவறவிட்டான். காற்றோ தரையோ வேறாக இருந்திருந்தால் என்பதுமில்லை. அதே தரையில், அதே கையால், அதே கணத்தில் முடியும் என்கிறான். நடந்த உலகத்திலேயே நின்றுகொண்டு பேசுகிறான் அவன்.

ஆஸ்டினின் வாதத்தில் எல்லோரும் திருப்தியடையவில்லை. அந்தக் கணத்தின் எல்லா விவரங்களும் அதேதான் என்றால் விளைவு மட்டும் எப்படி மாறும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, தன் செயலைப் பற்றிப் பேசும் மனிதன் இந்த இரண்டில் எதை எடுக்கிறான் என்பது. 'செய்திருப்பேன்' என்கிறவன் தன்னைப் பற்றி ஒரு சித்திரம் தீட்டுகிறான். அந்தச் சித்திரம் மாட்டப்பட்டிருக்கும் வீடு கட்டப்படவே இல்லை. 'செய்திருக்க முடியும்' என்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. சக்தி இருந்தது, நேரம் இருந்தது, அவனும் அங்கே இருந்தான், செய்யவில்லை. முதல் வாக்கியம் கேட்பவனிடமிருந்து நல்லெண்ணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. இரண்டாவது, சொன்னவன் பேரிலேயே கணக்கை வைத்துவிடுகிறது.

4

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. 1966 ஜனவரி 1 விடிகாலையில் லண்டனில் மூன்று இரவுக் காவல்காரர்கள் தேநீர் குடித்தார்கள். வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். எட்டு மணி சுமாருக்கு செல்சி பகுதியிலிருந்த ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தாங்களே நடந்து வந்தார்கள். நர்ஸ் டாக்டருக்கு டெலிபோன் செய்தார். டாக்டருக்கே அப்போது உடம்பு சரியில்லை. அவர் வந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கள் தங்கள் டாக்டரைக் கூப்பிட்டுக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். அவர்களில் ஒருவர் அன்று பிற்பகலில் இறந்துபோனார். தேநீரில் ஆர்ஸெனிக் இருந்தது. இறந்தவரின் மனைவி வழக்குத் தொடுத்தார்.

நீதிபதி நீல்ட் கொடுத்த தீர்ப்பு இன்றும் ஆங்கிலச் சட்டம் பயிலும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது கடமை தவறியதுதான். ஆனால் வந்து பார்த்திருந்தாலும், விஷம் இன்னதென்று கண்டுபிடித்து மாற்று மருந்து கொடுப்பதற்குள் நேரம் கடந்திருக்கும். எப்படியும் அவர் இறந்திருப்பார். ஆகவே அந்த மரணத்துக்கு மருத்துவமனை பொறுப்பல்ல. வழக்கு தள்ளுபடி. இந்தத் தவறு இல்லாமலிருந்திருந்தால் இந்த நஷ்டம் ஏற்பட்டிருக்குமா என்பது சட்டத்தின் உரைகல். ஏற்பட்டிருக்கும் என்றால், தவறு தவறாகவே இருந்தும் நஷ்டம் அதன் கணக்கில் சேராது.

இதில் அநியாயம் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. சட்டத்துக்கு இந்த 'வுட் ஹாவ்' தேவை. ஒருவனிடமிருந்து பணத்தை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், நடக்காத உலகத்தைக் கொஞ்சமாவது கட்டிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அதற்குச் சாட்சியங்கள், நிபுணர்கள், மருத்துவக் கணக்குகள் இருக்கின்றன. சட்டம் அந்த உலகத்தை இஷ்டத்துக்குக் கற்பித்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த பிறகும் மிஞ்சி நிற்கிற ஒரு வாக்கியம் உண்டு. 'அவர் எழுந்து வந்திருக்க முடியும்.' 'எப்படியும் இறந்திருப்பார்' என்ற வாக்கியம் இதைத் தொடவே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கோர்ட்டு முதலாவதைக் கேட்டு, பதில் பெற்று, கட்டை மூடிவிடலாம். மனச்சாட்சி கேட்பது இரண்டாவதை. அதன் பதில் விஷத்தின் அளவைப் பொறுத்ததல்ல. மனச்சாட்சியின் கேள்விக்குச் சட்டத்தின் பதிலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் நம்மில் பலர் செய்வது. 'நான் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டான்', 'நான் ஓட்டுப் போட்டிருந்தாலும் அவன்தான் ஜெயித்திருப்பான்', 'நான் கையெழுத்துப் போடாவிட்டால் இன்னொருவன் போட்டிருப்பான்' இவையெல்லாம் அந்த ரகம். பெரும்பாலும் உண்மையான வாக்கியங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

5

இதற்கு நேர் எதிரான ஒரு துன்பமும் உண்டு. சாவு வீடுகளில் அதைப் பார்க்கலாம். 'ஒரு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான்' என்று தாய் அழுகிறாள். இங்கேயும் 'வுட் ஹாவ்'தான். ஆனால் தப்பித்துக்கொள்பவன் கையில் கேடயமாக இருந்த சொல், இவள் கையில் கத்தியாகித் தன்மேலேயே பாய்கிறது. பிழைத்திருப்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாது. அவளுக்கு நியாயமாக உரிய வாக்கியம் 'பிழைத்திருக்கக் கூடும்' என்பது. 'மைட் ஹாவ்'. பிழைக்காமலும் போயிருக்கக் கூடும். இந்தச் சின்ன மாற்றம் துக்கத்தைக் குறைக்காது. துக்கத்தோடு சேர்ந்துவிட்ட பொய்யான குற்றத்தைக் குறைக்கும்.

இந்த மூன்றாவது துணைவினையில் வேறொரு சங்கதியும் இருக்கிறது. 'யூ மைட் ஹாவ் டோல்ட் மி' என்று ஆங்கிலேயன் சொன்னால் அது சாத்யத்தைப் பற்றிய தகவல் அல்ல, புகார். தமிழிலும் 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்றால் அப்படியே. இரண்டு மொழிகளும் எங்கேயோ ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. திறந்திருந்த சாத்யம் ஒன்றை ஒருவன் பயன்படுத்தாமல் விட்டான் என்று சொன்னாலே போதும், அது குறைகூறலாகிவிடுகிறது. சாத்யத்தின் பெயரைச் சொல்வதே பொறுப்பின் பெயரைச் சொல்வதாகும் என்று சாதாரண ஜனங்களின் பேச்சு, தத்துவவாதிகளுக்கு முன்பே அறிந்துவைத்திருக்கிறது.

ஆக, துணைவினையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நடத்தை இருக்கிறது. தன் செயலின்மையை விளக்க வரும்போது 'செய்திருப்பேன்' என்று நாக்கு புரண்டால், 'செய்திருக்க முடியும்' என்று திருத்திக்கொள்ள வேண்டும். துக்கத்தில் இருப்பவள் 'பிழைத்திருப்பான்' என்றால், 'பிழைத்திருக்கக் கூடும்' என்று பக்கத்திலிருப்பவர் மெதுவாகச் சொல்ல வேண்டும். இரண்டு திருத்தங்களும் குறிவைப்பது ஒன்றைத்தான்: வாழாத உலகத்தைப் பற்றி நமக்கு இல்லாத நிச்சயத்தை.

6

இதற்குமேலும் ஒரு படி உண்டா என்றால், கான்ராடின் 'லார்ட் ஜிம்' நாவலைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. 1900ல் புத்தகமாக வந்தது. ஜிம் கடலில் வீரச்செயல்கள் புரிவதாக இளம்வயதிலிருந்தே பகல்கனவு கண்டவன். எண்ணூறு யாத்ரிகர்களை ஏற்றிச்சென்ற 'பாட்னா' என்ற பழைய கப்பலில் அதிகாரியாக இருக்கிறான். இரவில் எதன்மீதோ மோதிக் கப்பல் மூழ்கும் நிலைக்கு வருகிறது. மற்ற அதிகாரிகள் படகில் தப்புகிறார்கள், அவனும் குதித்துவிடுகிறான். கப்பல் மூழ்கவில்லை. பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று அதை ஏடனுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. விசாரணையில் அவனுடைய அதிகாரிச் சான்றிதழ் ரத்தாகிறது. அவன் கதையைக் கேட்கும் மார்லோவுக்கு ஆச்சரியமாக இருப்பது, அவன் இழந்த சந்தர்ப்பத்தைப் பற்றி அவ்வளவு பேசுகிறான் என்பதுதான். குதித்ததைச் சொல்லும்போது யாரோ வேறொருவன் குதித்த மாதிரி, முன்பே முடிந்துபோன காலத்தில் வைத்துச் சொல்கிறான். ஜிம் பொய்யன் அல்ல. அவன் 'வுட் ஹாவ்'வில் குடியிருக்கிறவன். அந்த வீட்டில்தான் அவன் வீரன்.

நாவலின் பின்பகுதியில், பாட்டுசான் என்ற தூரத்து ஊரில், அவன் வேறுவிதமான நிபந்தனை வாக்கியம் ஒன்றைச் சொல்கிறான். ஊருக்குள் புகுந்த கொள்ளைக்கூட்டத்தைத் திரும்பிப்போக விடும்படி ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்கிறான். அதனால் அவர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் தன் உயிரால் பதில் சொல்வதாக வாக்குக் கொடுக்கிறான். தீங்கு நேர்கிறது. தலைவனின் மகன் கொல்லப்படுகிறான். ஓடிப்போக வழி இருந்தும், ஜிம் மகனை இழந்த தகப்பன் முன் வந்து நிற்கிறான், சுடப்பட்டு இறக்கிறான். அந்த முடிவு நியாயமானதா, அதிலும் பழைய வீரக் கனவு கலந்திருக்கிறதா என்று விமர்சகர்கள் விவாதித்திருக்கிறார்கள், கலந்துதான் இருக்கிறது. ஆனால் வாக்கியத்தின் வகை மாறிவிட்டது. 'இது நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்பது, பள்ளிக்கூடத்தில் முதல் வகை என்று சொல்லித்தரப்படும், எல்லாவற்றிலும் எளிதான வாக்கியம். நடக்கப்போவதைப் பற்றி இருப்பதால் உலகம் அதைப் பிடித்துக் கேட்க முடியும். சொன்னவன் வந்து நிற்கிறானா என்று பார்க்க முடியும்.

மூன்று வகைகளில் மாணவர்கள் கஷ்டப்படுவது மூன்றாவதில். அதைப் பிழையில்லாமல் எழுதுகிறவன் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குகிறான். முதல் வகை சிறுபிள்ளைக்கும் வந்துவிடும். அதைச் சொல்லிவிட்டு அதன்படி நடப்பதுதான் வருவதில்லை. கடன் கேட்டு வந்தவனிடம் 'இருந்தால் கொடுப்பேன்' என்ற நமது வாக்கியம் எந்த வகை என்பதை இலக்கணம் சொல்லிவிட முடியாது. நமக்குப் பணம் வரும் நாளில்தான் அது தெரியும்.